பெரிய ஆர்சி (ரேடியோவில் இயக்கும்) விமானம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு: 'சீல் பிரிக்காத' சர்வோ வாங்கி நான் ஏமாந்த கதை

பதினான்கு மாதம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து கட்டிய என் விமானம், இரண்டாவது தடவை பறந்தபோதே தரையில் குத்தி நொறுங்கிவிட்டது. அன்று காற்று இல்லை. என்ஜின் நிற்கவில்லை. ரேடியோவும் விட்டுப்போகவில்லை. வாலில் இருந்த ஒரே ஒரு போலி சர்வோதான் காரணம். ரேடியோ கட்டளைக்கு ஏற்ப விமானத்தின் அசையும் பாகங்களைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டிதான் சர்வோ. அதையும் சேர்த்து மொத்தம் ஐந்து வாங்கியிருந்தேன், 13,000 ரூபாய்க்கு. ஐந்துமே போலி.

விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது போகிற வழியில் போகட்டும். ஆனால் அதே பெட்டிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பதிவு.

விமானம் பைப்பர் கப் ஜே-3, நான்கில் ஒரு பங்கு அளவு. அசல் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 35 அடி 3 அங்குலம். நான்கால் வகுத்தால் கிட்டத்தட்ட 106 அங்குலம், அதாவது 2.7 மீட்டர். எங்கள் வீட்டு ஹாலில் குறுக்கே வைத்தால் நடக்க வழியிருக்காது. பால்சா மரம், பிளைவுட், நடுவில் அலுமினியக் குழாய், 35 சிசி பெட்ரோல் என்ஜின், 20 அங்குல ப்ரொப்பெல்லர். எரிபொருள் இல்லாமல் எட்டரை கிலோ. இந்த எடையை எதற்குச் சொல்கிறேன் என்றால், சின்ன ஃபோம் விமானம் விழுந்தால் ஒட்டிக்கொண்டு மறுபடி பறக்கலாம். எட்டரை கிலோவும் சுழலும் 20 அங்குலக் கட்டையும் ஓர் ஆள் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சர்வோ தேடும்போதுதான் இந்த ஆள் கிடைத்தார். ஐலரானுக்கு (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) இரண்டு, எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) ஒன்று, ரட்டருக்கு (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் மடல்) ஒன்று, கைவசம் ஒன்று என ஐந்து தேவைப்பட்டது. த்ராட்டிலுக்கு (என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) என்னிடம் பழையது இருந்தது. நல்ல உலோகக் கியர் சர்வோ கடையில் ஒன்று நாலாயிரத்தை ஒட்டி விலை சொன்னார்கள். இவர் 2,600 சொன்னார். "சீல் பிரிக்காத பீஸ் ப்ரோ, ஹண்ட்ரட் பர்சன்ட் ஒரிஜினல். என் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கினது, இப்ப செய்யல" என்றார். படங்கள் அனுப்பினார், பெட்டி பளபளவென்று இருந்தது. பில் கேட்டேன். "ட்ரோன் ஐட்டம் எல்லாம் இப்ப கஸ்டம்ஸ்ல பிடிக்கிறாங்க ப்ரோ, அதனால பில் கிடையாது" என்றார்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் தடை வந்தது, வெளிநாட்டில் தயாரான முழு ட்ரோன்களையும், அப்படியே பூட்டிக்கொள்ளும்படி கிட்டாக வருபவற்றையும் இறக்குமதி செய்வதற்கு. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. சர்வோ உதிரிபாகம். பில் இல்லாததற்கு அது காரணமே கிடையாது. இது எனக்குத் தெரியும், தெரிந்தும் விலையைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன். யுபிஐயில் பணம் போட்டேன், நாலாவது நாள் கூரியர் வந்தது.

மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடது, வலது, வேகம், சத்தம், எதிலும் குறை தெரியவில்லை. சுமை இல்லாமல் ஓட்டினால் எந்த சர்வோவும் நன்றாகத்தான் ஓடும். அந்தச் சோதனையைச் சோதனை என்று நம்பியதுதான் என் தப்பு.

கோயம்புத்தூரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடம் தேடிப் போக வேண்டும். நாங்கள் மூன்று பேர் தாராபுரம் பக்கம், வற்றிக் கிடந்த ஒரு குளத்துக்குப் போனோம். வண்டியிலிருந்து இறக்கி, இறக்கைகளை மாட்டி, ஈர்ப்பு மையம் பார்த்தோம். இறக்கையின் அகலம் 40 செ.மீ., முன்விளிம்பிலிருந்து 11 செ.மீ.-இல் சமநிலை நின்றது. டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து வைத்து முப்பது தப்படி தள்ளிப்போய் சிக்னல் எட்டுகிறதா என்று ரேஞ்ச் பார்த்தோம், என்ஜின் ஓடாமல் ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை. சிக்னல் போனால் த்ராட்டில் தானாக ஐடிலுக்கு (என்ஜின் மெல்ல ஓடும் நிலை) வருகிறதா என்று ஃபெயில்சேஃப் பார்த்தோம். என்ஜினை ஓடவிட்டு அதையும் திரும்பப் பார்த்தோம். எதையும் விடவில்லை.

முதல் பறப்பை என்னால் மறக்க முடியாது. பத்து மீட்டர் ஓடுவதற்குள் வால் தூக்கிக்கொண்டது, அப்புறம் அது பாட்டுக்கு எழும்பியது. வலது பக்கம் இரண்டு கிளிக் ஐலரான் டிரிம் (நேராகப் பறக்க வைக்கும் சின்னத் திருத்தம்), அவ்வளவுதான். காலை வெயிலில் அந்த மஞ்சள் இறக்கை திரும்பும்போது, உள்ளே நான் ஒட்டிய ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) ஒவ்வொன்றும் நிழலாகத் தெரிந்தது. ஐந்து நிமிடம் பறக்கவிட்டு இறக்கினேன். கூட வந்த அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார், அவருக்குப் பேச்சு வரவில்லை.

இறங்கிய பிறகு எலிவேட்டரை விரலால் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் ஆட்டம் இருந்தது, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். காலையில் அந்த ஆட்டம் இல்லை. சர்வோவையும் எலிவேட்டரையும் இணைக்கும் கம்பியான புஷ்ராடின் முனை தளர்ந்திருக்கும் என்று நினைத்து முனையை இறுக்கினேன். ஆட்டம் சர்வோவுக்குள் இருந்தது.

இரண்டாவது பறப்பில் நாலாவது நிமிடம். உயரத்திலிருந்து லேசாகத் தாழ்த்தி, எங்களுக்கு முன்னால் ஒரு சுற்று கொண்டுவரலாம் என்று இறக்கினேன். வேகம் ஏறியதும் வாலிலிருந்து 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், தகரத்தை வேகமாகத் தட்டுவதுபோல. ஃப்ளட்டர். கியரில் ஆட்டம் இருந்தால் காற்று எலிவேட்டரைப் பிடித்து மேலும் கீழும் உதறும். உதறுகிற ஒவ்வொரு முறையும் கியர்ப் பல்லில் அடி விழும். த்ராட்டிலை மூடினேன், மூக்கைத் தூக்க இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டிக் முழுக்க என் வயிற்றுப் பக்கம் இருக்கிறது, விமானம் கீழே போய்க்கொண்டே இருக்கிறது.

விழுந்த இடத்திலிருந்து அறுபது அடி தூரத்தில், கரையில், ஒரு பெரியவர் ஆடுகளோடு நின்றார். நாங்கள் பறக்கவிட்டபோது அவர் அங்கே இல்லை, இடையில் வந்திருக்கிறார். அவரிடம் ஓடினேன், விமானத்திடம் அல்ல. "எனக்கொண்ணும் இல்ல சாமி, உங்க பிளேன் போச்சே" என்றார். கை நடுக்கம் நிற்க எனக்கு வெகுநேரம் ஆனது. ஏமாற்றியவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் 13,000 ரூபாய்க்காக அல்ல. அந்த அறுபது அடிக்காக.

மறுநாள் கோவை கணபதி பகுதியில் எங்களுக்குத் தெரிந்த லேத் பட்டறைக்கு அந்த சர்வோவை எடுத்துப் போனேன். நாலு ஸ்குரூ. மூடியைத் திறந்ததும் அங்கிருந்த அண்ணன் ஊசியால் ஒவ்வொரு கியராக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். வெளியே தெரிகிற மேல் கியர் மட்டும் உலோகம். நடுவில் ஒன்று பிளாஸ்டிக், அதில் மூன்று பல் உதிர்ந்து கிரீஸில் ஒட்டிக் கிடந்தது. "இதப் பாருங்க தம்பி, பேரிங்னு போட்டிருக்கான், உள்ள வெறும் புஷ்தான் இருக்குது" என்றார். பெட்டியில் இரண்டு பால் பேரிங் என்று அச்சாகியிருந்தது; உள்ளே இருந்ததோ உருளும் குண்டுகள் இல்லாத வெறும் வளையம்.

மிச்சம் நாலையும் அன்றே சோதித்தேன். இதை வாங்கியதுமே செய்திருக்க வேண்டும். நீங்கள் செய்யுங்கள், பெரிய கருவி எதுவும் வேண்டாம். பெட்டியில் திருப்பும் சக்தி 6 வோல்டில் 15 கிலோ-செ.மீ. என்று போட்டிருந்தால், 3 செ.மீ. நீளமுள்ள ஆர்மில் (சர்வோவில் பூட்டும் கை) 5 கிலோ தாங்க வேண்டும். சர்வோவை மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டி, ஆர்மைப் படுக்கையாக வைத்து, ஒரு சின்ன வாளியைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியோடு சேர்த்து எடை போட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தவை இரண்டு கிலோவிலேயே தொங்கிவிட்டன, அதாவது வெறும் 6 கிலோ-செ.மீ. ஒன்று ஒன்றரை கிலோ தாண்டவில்லை. சுமையை எடுத்த பிறகு ஆர்ம் பழைய நடுவிடத்துக்குத் திரும்பவும் இல்லை, முனையில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. சமையலறைத் தராசில் வைத்தேன்: தயாரிப்பாளர் சொல்லும் எடையைவிட ஒவ்வொன்றும் ஏழெட்டு கிராம் குறைவு.

கப் மாதிரி மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு 6 கிலோ-செ.மீ.-யே போதும் என்று சிலர் சொல்வார்கள். சக்தி போதலாம். பிளாஸ்டிக் பல்லும், தேய்கிற புஷ்ஷும், அதனால் வரும் ஆட்டமும்தான் என் விமானத்தைத் தின்றது. எலிவேட்டருக்கு ஒரே சர்வோ வைத்தது என் முடிவு, அதையும் மறைக்கவில்லை. இப்போது கட்டுகிற வாலில் இரண்டு பாதிக்கும் தனித்தனி சர்வோ.

விற்றவரிடம் படங்களை அனுப்பினேன். முதலில் "ரேடியோ இன்டர்ஃபெரன்ஸா இருக்கும் ப்ரோ" என்றார். ரிசீவர் பதிவை அனுப்பினேன், கடைசி நொடி வரை சிக்னல் முழுசாக இருந்தது. அடுத்து "க்ராஷ் ஆனா வாரண்டி இல்ல ப்ரோ". உடையாத நாலு சர்வோவுக்காவது பணம் கேட்டேன். அதில் மூன்று விமானத்தில் பூட்டியவை, ஒன்று விமானத்தில் பூட்டவே பூட்டாதது என்று நானே சரியாகப் பிரித்து எழுதினேன், அந்த ஒன்றுக்காவது கொடுங்கள் என்று. இரண்டு நீலக் குறி வந்தது. அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லாதது இடிக்கிறது, ஆனால் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப்பில் 'ஒரிஜினல்' என்று அவர் எழுதியது, கூரியர் சீட்டு எல்லாம் இருக்கின்றன. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

போன வாரம் சேலத்து நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பி, "இது வாங்கலாமா?" என்று கேட்டார். வேறு எண், வேறு பெயர், விலை 2,400. பெட்டி அதே பெட்டி. பின்பக்க எச்சரிக்கை வாசகத்தின் கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். சர்வோ மேல் உள்ள ஸ்டிக்கர் கூட்டின் ஓரத்துக்கு இணையாக இல்லாமல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஒயர் கையில் பிடித்தாலே மெலிசு. இவற்றில் ஒன்று பார்த்தாலும் பணம் போடாதீர்கள். ஏற்கெனவே வாங்கி விமானத்தில் பூட்டியிருந்தால், அடுத்த ஞாயிறு பறக்கவிடாமல் கழற்றி வாளிச் சோதனை செய்யுங்கள். பிரித்த கியர்களின் படங்களும் எடை போட்ட படங்களும் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன்.