முப்பத்தைந்துக்குப் பின் தாதியாவது: டிப்ளோமாவா, பட்டமா, பராமரிப்புச் சான்றிதழா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு, "இனிமேல் மிஸ்ஸி (தாதி) வேலைக்குப் படிக்கலாமா?" என்று கேட்கும் தமிழ்ப் பெண்கள் (ஆண்களும் சிலர் உண்டு) மூன்று வழிகளுக்கு இடையே தடுமாறுகிறார்கள். முதியோர் பராமரிப்புச் சான்றிதழ், மூன்றாண்டுத் தாதிமை டிப்ளோமா, நான்காண்டுப் பட்டப்படிப்பு ஆகியவையே அவை. பலரும் இவற்றைக் கல்லூரிக் கட்டணத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். குடும்பம் நடத்துபவருக்கோ, சம்பளம் வராமல் கழியும் ஆண்டுகள்தாம் பெரிய செலவு.

முதியோர் பராமரிப்பில், திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழைப் பெற்றவர் முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பாளராக விரைவில் வேலையில் சேரலாம். ஆனால் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி தாதியாகப் பணியாற்ற மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு வேண்டும். இந்தச் சான்றிதழ் அந்தப் பதிவைத் தராது. பிறகு தாதியாக விரும்பினால் டிப்ளோமாவை முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். நோயாளியைக் குளிப்பாட்டவும் படுக்கைப் புண் பார்க்கவும் தம்மால் முடியுமா என்று தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன்.

டிப்ளோமாவின் கடினம் பாடத்தில் அதிகமில்லை, நேரத்தில்தான் இருக்கிறது. வார்டுப் பயிற்சி பாடத்திட்டத்தின் பெரும்பகுதியாக இருப்பதாலும், அது வார்டின் ஷிப்டு நேரத்தை ஒட்டியே நடப்பதாலும், பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்ற ஏற்பாடு இங்கே செல்லாது. மூன்றாண்டு முடிந்ததும் வாரியத் தேர்வில் தேறினால்தான் பதிவு கிடைக்கும். அதன்பின் பணிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பணத்துக்கு பிடிபிடிஎன் எனும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனை நாடலாம், ஆனால் விண்ணப்பிக்கும்போது வயது 45ஐத் தாண்டியிருக்கக் கூடாது. இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில், ஓய்வுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்க இடமளிக்கும் செஜாத்தெரா கணக்கிலிருந்தும் கல்விக்காக எடுக்கலாம். சில தனியார் மருத்துவமனைகள் கட்டணத்தை ஏற்று, படித்து முடித்தவர் தம்மிடமே குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. இருபது வயதுப் பெண்ணுக்கு அது விலங்காகத் தோன்றலாம். நாற்பதை நெருங்குபவருக்கோ படிக்கும்போதே வேலை உறுதியாகிவிடுகிறது என்பதால் நான் அதைக் குறையாகக் கருதமாட்டேன்.

மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வழங்கப்படும் பட்டத்தின் மதிப்பை மறுப்பதற்கில்லை. பொதுச் சேவையில் டிப்ளோமா தாதிக்கு யு29 என்றும் பட்டதாரித் தாதிக்கு யு41 என்றும் இருந்த பழைய சம்பளத் தர வேறுபாடே (எண் கூடினால் தரமும் கூடும்) அதற்குச் சான்று. எனினும் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை மட்டும் முடித்தவர், பட்டப்படிப்பில் சேருவதற்கு முன் எஸ்.டி.பி.எம். எனும் ஆறாம் படிவத் தேர்வு, அடித்தளக் கல்வி போன்ற ஒன்றை முடிக்க வேண்டியிருப்பதால், அவருடைய நான்காண்டு நடைமுறையில் ஐந்துக்குக் குறையாது. தனியார் துறைக்கும் 60 என்ற குறைந்தபட்ச ஓய்வு வயதைச் சட்டம் வகுத்திருக்கிறது. அதைக் கொண்டு கணக்கிட்டால், 36 வயதில் டிப்ளோமாவில் சேருபவர் 39இல் வேலைக்கு வந்து 21 ஆண்டுகள் சம்பாதிக்கலாம்; பட்டத்தின் வழியே போனால் 19 ஆண்டுகளே மிஞ்சும். டிப்ளோமா தாதி பின்னாளில் பட்டத்துக்கு உயரும் வழியும் இருக்கிறது. ஆகவே, எஸ்.டி.பி.எம். ஏற்கெனவே கையில் இருந்து, தாதியர் கல்லூரியில் கற்பிக்கும் எண்ணமும் கொண்டவரைத் தவிர மற்றவருக்கு டிப்ளோமாவே பொருந்தும் என்பது என் முடிவு.

இரவு விழிப்பைப் பற்றித் தொழிற்சாலைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பழைய எஸ்.பி.எம். சான்றிதழை. மலாய், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களில் கிரெடிட் (வெறும் தேர்ச்சியைவிட உயர்ந்த நிலை) இல்லையென்றால் தனியார் தேர்வராக மீண்டும் எழுதி, முடிவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், வேலையை விடும் கடிதத்தை அதற்குப் பிறகே கொடுக்கலாம்.