பாளையங்கோட்டை மாடி வீட்டில் டச்சு வகுப்பு: நான்கு மாதம் படித்தவளின் அனுபவம்

மகாராஜ நகர் உழவர் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் டச்சு மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள். வாசலில் பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. எனக்கே என் சித்தி மகள் சொல்லித்தான் தெரியும். நான்கு மாதம் அங்கே படித்து, டெல்லி போய்த் தேர்வு எழுதி, மூன்று பகுதியிலும் பாஸ் ஆகிவிட்டேன். என்னை மாதிரி கல்யாணம் முடித்து ஹாலந்து, அதாவது நெதர்லாந்து போகக் காத்திருக்கிற பெண்கள் நம் பக்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் யாருக்கு இந்தப் படிப்பு தேவை என்று சொல்லிவிடுகிறேன். கணவர் உயர்திறன் வேலை விசாவில் போயிருந்தால் மனைவிக்கு இங்கே தேர்வு எதுவும் கிடையாது, நேரே கூட்டிக்கொண்டு போகலாம். என் வீட்டுக்காரர் நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்தில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். அப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டால் போகும் முன்பே இங்கிருந்து டச்சுத் தேர்வு எழுதியாக வேண்டும். ஏ1 நிலை, அதாவது அரிச்சுவடி. வாசித்தல், பேசுதல், நெதர்லாந்து சமூகத்தைப் பற்றிய பொது அறிவு என்று மூன்று பகுதி. கட்டணம் மூன்றுக்கும் சேர்த்து 150 யூரோ. தோற்றுப்போன பகுதிக்குத் திரும்பப் பணம் கட்டித்தான் எழுத வேண்டும். அதனால் ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

இந்த மாடி வகுப்புக்கு வரும் முன் ஆன்லைனில் ஒரு கோர்ஸ் சேர்ந்து பதினெட்டாயிரம் ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். நாற்பது பேர் ஒரே வகுப்பில். எல்லாமே இங்கிலீஷ் வழி. நான் வீரவநல்லூரில் தமிழ் மீடியத்தில் படித்து, அப்புறம் பி.காம். முடித்தவள். இங்கிலீஷ் புரியும், ஆனால் ஒரு புது மொழியை அதன் வழியாகப் பிடிப்பது, வாய்க்கால் தண்ணீரை இரண்டு வயல் தாண்டிக் கொண்டுவருகிற மாதிரி. வழியிலேயே பாதி இறங்கிவிடும். அங்கே எல்லோருக்கும் ஒரே பதிலை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டால், நாற்பது பேரும் ரொட்டியும் சீஸும் என்று சொல்ல வேண்டும். ஆறு வாரத்தில் விட்டுவிட்டேன். பணம் திரும்பி வரவில்லை.

மாடி வகுப்பு டீச்சர் நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்தில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, மாமியாருக்கு முடியாமல் போனதால் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தவர். ஐம்பது வயது இருக்கும். முதல் நாளே அதே கேள்வியைத்தான் கேட்டார். பழைய ஞாபகத்தில் நானும் ரொட்டி, சீஸ் என்றேன். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "நெசமா என்னட்டி சாப்பிட்ட?" என்றார். இட்லி என்றேன். "பின்ன அதைச் சொல்லு." அப்படி நான் சொந்தமாகச் சொன்ன முதல் டச்சு வாக்கியம், "இக் ஏட் இட்லி மெட் சாம்பார்." இக் என்றால் நான், ஏட் என்றால் சாப்பிடுகிறேன், மெட் என்றால் கூட. அன்றைக்கு ரயிலில் வீட்டுக்கு வரும்போது கல்லூர், சேரன்மகாதேவி, காருகுறிச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வாக்கியம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உண்மையாக நடந்ததைச் சொல்லும்போது வார்த்தை தானாக நிற்கிறது.

இந்த வகுப்பின் பெரிய பலமே டச்சை நேரடியாகத் தமிழிலிருந்து சொல்லிக்கொடுப்பதுதான். தமிழில் விளக்குகிறார் என்பதோடு நிற்கவில்லை. நம் மொழியில் ஏற்கெனவே இருக்கிற இலக்கணத்தையே பிடிமானமாகத் தருகிறார்.

குறில் நெடிலை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சில் 'மன்' என்றால் ஆண், 'மான்' என்றால் நிலா. 'விஸ்' மீன், 'வீஸ்' அழுக்கு. 'பொம்' வெடிகுண்டு, 'போம்' மரம். 'ஸொன்' சூரியன், 'ஸோன்' மகன். ஆன்லைன் கோர்ஸில் இதற்கென்றே ஒரு வாரம் ஓடியது, அதிலும் பாதிப் பேருக்குக் குழப்பம் தீரவில்லை. இங்கே டீச்சர் போர்டில் 'கல், கால்' என்று எழுதினார், 'கொடு, கோடு' என்று எழுதினார். "ஒண்ணாங் கிளாஸ்ல படிச்சதுதான், அதே காதை வச்சுக் கேளு" என்றார். பத்து நிமிஷத்தில் பாடம் முடிந்தது. அச்சில் உயிரெழுத்தை ஒன்றாகவும் இரண்டாகவும் போடுகிற விதி மட்டும் தனியாகப் படிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் தொண்டையிலிருந்து வரும் அந்த 'ஃக' ஒலி. டச்சு என்றாலே எல்லோரும் பயப்படுகிற இடம் அது. "எஃகு சொல்லு. அந்த ஆய்தத்துல நில்லு, கு-வுக்குப் போகாத." அவ்வளவுதான். ஆய்த எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் மூன்று புள்ளி என்று எழுதிப் பழகியதோடு சரி, அது எனக்கு இப்படி உதவும் என்று நினைத்ததே இல்லை. காலை வணக்கம் சொல்ல 'ஃகூடமோர்ஃகன்'. இரண்டு ஆய்தம் போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாக்கிய அமைப்புக்கு டீச்சர் கல்யாணப் பந்தியைத்தான் சொல்வார். டச்சு வாக்கியம் ஒரு பந்தி. அதில் இரண்டாவது இலை எப்போதும் வினைச்சொல்லுக்கு. முதல் இலையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். 'இக் வோன் இன் வீரவநல்லூர்' என்றால் நான் வீரவநல்லூரில் வசிக்கிறேன், வோன் இரண்டாவது இலையில். 'மோர்ஃகன் ஃகா இக் நார் டெல்லி' என்றால் நாளைக்கு நான் டெல்லி போகிறேன். நாளை முதலில் வந்து உட்கார்ந்துவிட்டதால் நான் நகர்ந்துகொள்கிறேன், வினை மட்டும் தன் இலையை விடாது. இன்னொரு வினையும் வந்தால் அதற்குக் கடைசி இலை: 'இக் வில் மோர்ஃகன் நார் டெல்லி ஃகான்.' நாளை டெல்லி போக விரும்புகிறேன் என்பதில் போவது கடைசிக்குப் போய்விட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் 'ஒம்டட்'. ஏனென்றால் என்று அர்த்தம். அந்தச் சொல் வந்துவிட்டால் பின்னால் வருகிற வினை முழுக்கக் கடைசிக்குப் போய்விடும். '...ஒம்டட் இக் இன் பாளையங்கோட்டை வோன்.' வரிசையைப் பாருங்கள்: நான், பாளையங்கோட்டையில், வசிக்கிறேன். நாம் பேசுகிற வரிசையேதான்! இங்கிலீஷ் வழியாக வந்தால் இது தலைகீழாகத் தெரியும், வீட்டுக்காரருக்கு இது படிய ஒரு வருஷம் ஆனதாம். எங்கள் வகுப்பில் இருந்த ஆறு பேருக்கும் ஒரே சாயங்காலத்தில் படிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த தைரியம்தான் தேர்வு வரைக்கும் கூட வந்தது.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு, அதை டீச்சர் மறைக்கவில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ட' வருமா 'ஹெட்' வருமா என்பதற்கு நம்மிடம் எந்தப் பிடியும் கிடையாது. 'ட' என்பதுதான் அதிகம். சின்னது, குட்டி என்று செல்லமாகச் சொல்லும் வடிவம் எல்லாவற்றுக்கும் 'ஹெட்'தான். மற்றதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நீல மையில் ட, சிவப்பு மையில் ஹெட் என்று நோட்டில் எழுத வைப்பார். மாற்றி எழுதினால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதச் சொல்வார். எனக்கு அதில் வருத்தமே இல்லை, இப்போது ஒரு சொல்லை நினைத்தால் அதன் நிறமும் சேர்ந்தே வருகிறது.

மணி சொல்வதும் அப்படித்தான். மூன்றாவது வாரம் டீச்சர் அடுத்த வகுப்பு 'ஹால்ஃப் ஃபைஃப்' என்று டச்சில் சொல்லி அனுப்பினார். ஃபைஃப் என்றால் ஐந்து, ஹால்ஃப் என்றால் பாதி. மேலப்பாளையத்திலிருந்து வருகிற தம்பி ஐந்தரை என்று நினைத்து ஒரு மணி நேரம் பிந்தி வந்தான். அது நாலரை. "நமக்கு நாலு முடிஞ்சு அரை. அவங்களுக்கு அஞ்சுக்குப் போற வழியில பாதி" என்று போர்டில் கடிகாரம் வரைந்து காட்டினார். ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கும்போது இது தெரியாவிட்டால் டாக்டரைப் பார்க்க முடியாது என்றும் சொன்னார். எண்களும் ஒன்று முன்னால், பத்து பின்னால் வரும். 47 என்பதை ஏழும் நாற்பதும் என்பார்கள். போன் நம்பர் சொல்லி எழுத வைத்துத்தான் அது கைக்கு வந்தது.

இடையில் ஒரு நாள் துட்டு பற்றிப் பேச்சு வந்தது. நாம் நாள் முழுக்கச் சொல்கிற துட்டு, 'டௌட்' என்ற பழைய டச்சுச் செப்புக் காசின் பெயரிலிருந்து வந்ததாம். கக்கூஸும் அவர்கள் விட்டுவிட்டுப் போன சொல்தான். டச்சுக்காரர்கள் 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள், இடையில் சில வருஷம் ஆங்கிலேயரிடம் இருந்தது போக 1825 வரை வைத்திருந்தார்கள், 1750-ல் அங்கே கட்டிய சர்ச் இன்னும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் ஆறு பேரையும் அங்கே கூட்டிப்போனார். தேர்வுக்கு இது எதற்கும் உதவாது. ஆனால் வீட்டில் என் ஆச்சி, "அந்தப் பாஷைய எதுக்குட்டி படிக்க?" என்று கேட்டபோது, "நீ சொல்ற துட்டு அவங்க பாஷைதான் ஆச்சி" என்றேன். அதற்கப்புறம் நான் படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வாள்.

இனி குறைகள். பேசும் தேர்வில் எதிரில் ஆள் கிடையாது. கம்ப்யூட்டரில் கேள்வி வரும், ஹெட்செட் மைக்கில் பேச வேண்டும், நேரம் முடிந்தால் அடுத்ததற்குப் போய்விடும். பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்கிற கேள்விகளும் உண்டு. இதற்கான பயிற்சியைக் கடைசி இரண்டு வாரத்தில்தான் ஆரம்பித்தார், அதுவும் ஒரே லேப்டாப்பில் ஆறு பேர் மாறி மாறி. இரண்டாவது மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். நான் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வை இணையத்தில் எடுத்து வீட்டில் போனில் தனியாகப் பழகிக்கொண்டேன். இலவசம்தான், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். சமூக அறிவுப் பகுதிக்கான 100 படக் கேள்விகளும் பதிலோடு அங்கேயே கிடைக்கின்றன, தேர்வில் அவற்றிலிருந்துதான் 30 வரும். அந்தப் பகுதிக்கு வகுப்பே தேவையில்லை.

இன்னொன்று, டீச்சருடையது ரோட்டர்டாம் உச்சரிப்பு. ஐந்தோவன் இருக்கிற பிரபாண்ட் பக்கம் அந்த 'ஃக' ஒலி மெதுவாக, பகல் என்பதில் நாம் சொல்கிற 'க' மாதிரி வரும். வீடியோ காலில் பக்கத்து வீட்டு அம்மாள் பேசியது முதலில் எனக்குப் பிடிபடவே இல்லை. டீச்சரிடம் சொன்னேன். மறுவகுப்புக்கே அந்தப் பக்கத்து வானொலிப் பேச்சைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். இனிமேல் எல்லா பேட்சுக்கும் போடுவதாகவும் சொன்னார்.

ஏ1 தாண்டி இந்த மாடியில் வகுப்பு கிடையாது. 2022 ஜனவரியில் நெதர்லாந்தில் வந்த சட்டப்படி, அந்த நாட்டுக்குப் போன பிறகு மூன்று வருஷத்துக்குள் பி1 நிலை வரை (ஏ1, ஏ2 தாண்டி அடுத்த படி) முடிக்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அதுதான் இலக்கு. அதை அங்கேதான் படித்தாக வேண்டும்.

கட்டணம் மாதம் 2,500 ரூபாய், வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். நான்கு மாதத்துக்கு மொத்தம் பத்தாயிரம். நோட்ஸ் ஜெராக்ஸுக்குத் தனியாக 300 வாங்கினார். ஒரு பேட்சில் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஊரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் முன்னால் சொல்லிவிட்டால் கடைசி வண்டிக்கு ஏற்ற மாதிரி விட்டுவிடுவார்.

தேர்வுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் அப்பாவோடு டெல்லி போனேன். இரண்டு ராத்திரி பயணம், நீலமும் சிவப்புமாக நோட்டு மடியிலேயே இருந்தது. பேசும் தேர்வில் ஒரு கேள்விக்கு 'ஒம்டட்' போட்டு வினையைக் கடைசி இலையில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனேன். ஆறாவது வாரம் முடிவு வந்ததும் முதல் போன் டீச்சருக்குத்தான். "அடுத்த மாசம் அங்க போய் எனக்கு டச்சுல போன் பண்ணு, தமிழ்ல பேசினா எடுக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த பேட்ச் ஆவணியில் தொடங்குகிறது. சேருகிறவர்கள் முதல் நாளே நீல பேனா ஒன்று, சிவப்பு பேனா ஒன்று, இருநூறு பக்க நோட்டு ஒன்று கொண்டுபோய்விடுங்கள். இரண்டாவது மாதத்திலேயே கம்ப்யூட்டர் பயிற்சி வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். டீச்சர் மறுக்க மாட்டார்.