பழைய அமெரிக்கப் பீங்கான்களை விற்க: ஏலமா, ஈபேயா, மால் அலமாரியா?

ரூக்வுட், ரோஸ்வில், வெல்லர், மெக்காய், ஃபியஸ்டா என்று பழைய அமெரிக்கப் பீங்கான் வகைகளை அலமாரி நிறையச் சேர்த்தவர், மொத்தத்தையும் ஒரே இடத்தில் கொடுத்துவிட்டுத் தலைமுழுக நினைத்தால் கைக்கு வருவது அடிமாட்டு விலைதான். அமெரிக்காவில் இந்தச் சரக்குக்கு முக்கியமாக மூன்று வழிகள்: இதற்கென்றே இருக்கும் ஏல நிறுவனம், ஈபே என்ற இணையச் சந்தை, அலமாரியை வாடகைக்கு எடுத்துச் சரக்கை வைத்து விற்கும் உள்ளூர்ப் பழம்பொருள் மால். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சரக்கு வேறு.

முதலில் ஏலம். நியூ ஜெர்சியின் லாம்பர்ட்வில்லில் உள்ள ராகோவும், ரூக்வுட்டுக்குப் பெயர்போன சின்சினாட்டி ஹம்லர் அண்ட் நோலனும் இத்துறையில் தெரிந்த பெயர்கள். கலைஞர் கையால் தீட்டிக் குறியிட்ட ரூக்வுட், நியூகோம்ப் கல்லூரி, க்ரூபி, ஜார்ஜ் ஓர் (Ohr) ஆகிய பெயர்களில் வந்த பாண்டங்கள் போன்றவை இங்கேதான் போக வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு பெரிய சேகரிப்பாளர்கள் மோதும் இடம் இது. ஈபேயில் அந்த மோதல் அபூர்வம்.

அனுப்பும் முன் ரூக்வுட்டின் அடிப்பாகத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆர், பி எழுத்துகள் இணைந்த ஆர்-பி முத்திரை 1886-இல் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு தீச்சுடர் கூடி, 1900-இல் 14 சுடர்கள். 1901 முதல் கீழே ரோமன் எண் ஆண்டைச் சொல்லும். வடிவ எண், அளவைக் குறிக்கும் எழுத்து, கலைஞரின் முதலெழுத்துகள் ஆகியவையும் அங்கேயே இருக்கும். முத்திரைக்கு அருகே எக்ஸ் குறி கீறியிருந்தால், பட்டறையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கிய உருப்படி. அடிப்பாகத்தின் படம் இல்லாமல் மதிப்பு கேட்பது வீண்.

ஏல நிறுவனத்தின் குறை, செலவும் காத்திருப்பும். ஏலக்காரரின் சுத்தியல் 1,000 டாலரில் விழுந்தால், அதாவது ஏலம் அந்த விலையில் முடிந்தால், வாங்குபவர் அதற்கு மேல் 25 சதவீதம் அளவில் பிரீமியம் கட்டுகிறார். விற்பவரிடம் 20 சதவீதக் கமிஷன் என்றால் கைக்கு 800. வாங்குபவர் தரும் 1,250-இல் 450 நிறுவனத்துக்கு. கமிஷன் பேரம் பேசக்கூடியது, நல்ல சரக்கு வைத்திருப்பவர் பேசாமல் விடக்கூடாது. படம், காப்பீடு, விற்காவிட்டால் கட்டணம், பணம் வரும் நாள், மலிவான உருப்படிகளை ஒரே பெட்டியில் குவித்து விற்பார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை.

ரோஸ்வில், வெல்லர், ஹல், ஃபியஸ்டாவுக்கு ஈபே. விலையைப் பார்க்கும்போது 'விற்றவை' வடிகட்டியை மட்டும் நம்ப வேண்டும். கேட்கும் விலை என்பது விற்பவரின் ஆசை, அவ்வளவே. வார்ப்பில் ஆயிரக்கணக்கில் வந்த ரோஸ்விலுக்கு 2000-இன் தொடக்கத்தில் கிடைத்த விலை இன்று இல்லை. பழைய விலைப் புத்தகத்தைப் பார்த்து விலை போட்டால் பொருள் அங்கேயே கிடக்கும்.

கட்டணக் கணக்கு பலரை ஏமாற்றுகிறது. ஈபே தன் பங்கை, வழக்கமான பிரிவுகளில் சுமார் 13 சதவீதத்துக்குச் சற்று மேல், பொருள் விலையில் மட்டும் எடுப்பதில்லை. அனுப்பும் செலவு, விற்பனை வரி எல்லாம் சேர்ந்த தொகையில் எடுக்கிறது. பொருள் 80, அனுப்ப 20, வரி 7 டாலர் என்றால் 107-க்குக் கட்டணம், ஏறக்குறைய 14 டாலர். அதாவது பொருள் விலையில் 18 சதவீதம் போகிறது.

'திருப்பி எடுக்க மாட்டேன்' என்று எழுதிவிட்டால் தப்பித்தோம் என்பதும் இல்லை. விவரித்தபடி இல்லை என்று வாங்கியவர் புகார் சொன்னால் திருப்பித்தான் எடுக்க வேண்டும். அதனால் குறையை நாமே முதலில் கண்டுபிடித்து எழுதிவிடுவது நல்லது. இருட்டறையில் புறஊதா டார்ச் அடித்தால், மறைத்துச் சரிசெய்த இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் முழுப் பாண்டம் கணீரென்று ஒலிக்கும், கீறல் ஓடியது மந்தமாக ஒலிக்கும். விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தப்பும் சில்லு நகத்தில் தட்டும். கிளேஸில், அதாவது பளபளப்பான மேற்பூச்சில், வலைபோல் ஓடும் மெல்லிய கோடுகள் ரோஸ்விலில் சகஜம்தான், ஆனாலும் எழுத வேண்டும். கறையை எடுக்கக் குளோரின் ப்ளீச் பக்கமே போகக்கூடாது: கோடுகள் வழியாக உள்ளே ஊறி, உப்பாக இறுகி, பிறகு கிளேஸைப் பெயர்த்துத் தள்ளும்.

போலிச் சரக்கு தனிச் சிக்கல். 1990-களில் சீனாவிலிருந்து வந்த ரோஸ்வில் நகல்களில் பல, புடைத்த எழுத்தில் 'ரோஸ்வில்' என்று மட்டும் சொல்லும், 'யு.எஸ்.ஏ.' இருக்காது. ஆனால் அதையே வேதவாக்காகக் கொண்டால் அசலை இழப்போம். 1930-களில் பள்ளமாகப் பதித்த முத்திரையிலும் யு.எஸ்.ஏ. இல்லாதவை உண்டு, அதற்கு முன் வெறும் காகித லேபிளோடு வந்து, லேபிள் உதிர்ந்து முத்திரையே இல்லாமல் நிற்பவையும் ஏராளம். மெக்காய் குக்கீ ஜாடியில் அளவுகோல் பேசும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் சூளையில் சுருங்குவதால், அசலைவிடச் சிறியதாகவே இருக்கும். ஃபியஸ்டாவில் 1986-க்குப் பிறகு மறுபடி செய்தவை பழையவற்றோடு கலந்துகிடக்கும். 1959 முதல் 1969 வரை வந்த மீடியம் கிரீன் என்ற பச்சை நிறத்தைத்தான் சேகரிப்பவர்கள் துரத்துகிறார்கள். அதன் நிறம் படத்தில் பொய் சொல்லும் என்பதால் பகல் வெளிச்சத்தில், இன்னொரு பச்சைத் தட்டை அருகில் வைத்து எடுக்க வேண்டும்.

பார்சல் விஷயத்தில் சிக்கனம் கூடாது. உடைவதற்கு முக்கியக் காரணம் பொருள் பெட்டிக்குள் நகர்வதுதான். வயிற்றுக்குள் கசக்கிய காகிதம், மூடியைத் தனியாகச் சுற்றி, கைப்பிடிகளுக்கு முதலில் ஒரு சுற்று, பிறகு முழுவதும் பபிள் ராப். டேப் கிளேஸில் ஒட்டக்கூடாது. உள்பெட்டியில் எல்லாப் பக்கமும் 2 அங்குல மெத்தை, வெளிப்பெட்டியில் இன்னொரு 2 அங்குலம். வெறும் ஃபோம் உருண்டைகள் பயணத்தில் அடங்கிவிடும், கனமான ஜாடி அடிக்கு இறங்கிவிடும். மூடிய பெட்டியைக் குலுக்கும்போது ஏதாவது அசைந்தால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அமெரிக்க அஞ்சலின் பிரையாரிட்டி மெயிலில் 100 டாலர் காப்பீடு சேர்ந்தே வருகிறது. அதற்கு மேல் மதிப்பிருந்தால் கூடுதலாக வாங்கிவிடுவதே புத்தி.

மால் அலமாரி மிச்சத்துக்கு. சில்லுப் போன மெக்காய் பூந்தொட்டிகள், ஒற்றைச் சாஸர்கள், அனுப்பும் செலவே விலையைத் தாண்டும் கனமான ரெட் விங் ஜாடிகள் இங்கே நகரும். வாடகையும் கமிஷனும் சேர்த்துப் பார்த்தால், மொத்தமாக ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிடுவது பல நேரம் மேல். அவர் சில்லறை விலையில் மூன்றில் ஒரு பங்கு சொன்னால் கோபப்பட ஒன்றுமில்லை. உடைசலும் வாடகையும் காத்திருப்பும் இனி அவர் தலையில்.

வரியையும் மறக்கக்கூடாது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு அமெரிக்க மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். வாரிசாக வந்த சரக்கு என்றால், உரியவர் இறந்த நாளில் இருந்த மதிப்புதான் பொதுவாக அடக்க விலை. அந்த மதிப்பீட்டைக் காகிதமாக வைத்திருந்தால் கட்டும் தொகை வெகுவாகக் குறையும்.

வரிசையும் முக்கியம். ஏல நிறுவனத்துக்கு முதலில் படங்கள் போகட்டும். அவர்கள் வேண்டாம் என்றது ஈபேக்கு, ஈபேயில் இரண்டு முறை பட்டியலிட்டும் போகாதது வியாபாரியின் வண்டிக்கு.