பவர் சப்ளைக்குள் நாக்டுவா 40 எம்எம் ஃபேன்: சத்தம் அடங்கும், அலாரம் அடங்குமா?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் கேபிள் டிவி கண்ட்ரோல் ரூம்களில் இரவு பகலாக ஓடும் நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்கு, பவர் சப்ளையில் இருக்கும் 40 எம்எம் ஃபேன்தான் பெரிய தலைவலி. கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் தூசி பிளேடில் அப்பும், பேலன்ஸ் கெட்டு பேரிங் கத்தும். மாற்றாகப் பலரும் தேடுவது நாக்டுவா கம்பெனியின் என்எஃப்-ஏ4×20 எஃப்எல்எக்ஸ் மாடல். அருமையான ஃபேன், ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஆகாது.

12 வோல்ட், 0.05 ஆம்பியர், 5000 ஆர்பிஎம், 14.9 டெசிபல், 6 வருட வாரண்டி. மணிக்கு 9.4 கன மீட்டர் காற்றுதான் தள்ளும். பாதி லோடில் ஓடும் சின்ன ஸ்விட்சுக்கு அது போதும். 1யு (ரேக்கில் ஒரே தட்டு உயரம்) சர்வர் பவர் சப்ளையில் வரும் 28 எம்எம் தடிமன் ஃபேன் 10,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றும். அந்த இடத்தில் இதைப் போடவே கூடாது. காற்று குறைந்தால் உள்ளே சூடு ஏறும்; 10 டிகிரி ஏறினாலே எலக்ட்ரோலிட்டிக் கேபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

முக்கியமான விஷயம் வயர். பழைய ஃபேன்களில் பெரும்பாலும் சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ், மஞ்சள் சிக்னல். ஃபேன் ஓடுகிறதா என்று பெட்டிக்குச் சொல்வது இந்த சிக்னல்தான்; அது சரியாக வராவிட்டால் பெட்டி அலாரம் அடிக்கும். நாக்டுவாவில் மஞ்சள்தான் பிளஸ், பச்சை சிக்னல். கலர் பார்த்து மஞ்சளோடு மஞ்சளை முறுக்கினால் ஃபேன் சுற்றாது.

பழைய சிக்னல் எந்த வகை என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஃபேனை வெளியே எடுத்து 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டி, பிளஸ்ஸுக்கும் சிக்னலுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, சிக்னலை மல்டிமீட்டரில் பாருங்கள். ஓடும்போது 6 வோல்ட் பக்கம் காட்டினால் டாக்கோ, அதாவது வேகத்தைச் சொல்லும் சிக்னல், சுற்றுக்கு 2 பல்ஸ். ஓடும்போது 0 காட்டி, பிளேடைப் பிடித்து நிறுத்திய சில நொடிகளில் 12க்குத் தாவினால் அது லாக் சென்சார், அதாவது ஃபேன் நின்றுவிட்டதா என்பதை மட்டும் சொல்லும் சிக்னல். சில மாடலில் இது தலைகீழ். நாக்டுவா தருவது டாக்கோ மட்டுமே. லாக் சென்சார் கேட்கும் பெட்டி அந்தப் பல்ஸை ஃபெயில் என்றே எடுத்துக்கொள்ளலாம். டாக்கோவாக இருந்தாலும், பெட்டி 6000க்குக் கீழே அலாரம் வைத்திருந்தால் 5000 போதாது. கூடவே வரும் லோ நாய்ஸ் அடாப்டரை இங்கே தொடவே வேண்டாம், வேகம் இன்னும் குறையும்.

லாக் சென்சார் வயரை கிரவுண்டில் கட்டி அலாரத்தை வாயடைக்கும் வேலையை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம். டாக்கோவுக்கு அது செல்லாது, 555 டைமர் ஐசி வைத்து 200 ஹெர்ட்ஸ் பல்ஸ் கொடுத்தால் 6000 ஆர்பிஎம் என்று பெட்டி நம்பும். இரண்டையும் செய்யாதீர்கள். ஃபேன் நின்ற அன்று எச்சரிக்க யாரும் இருக்க மாட்டார்கள், பூட்டிய ரூமில் எரிவது பவர் சப்ளை. லாக் சென்சார் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பழைய ஃபேனையே கொண்டுபோய், லேபிளில் உள்ள மாடல் எண், வோல்ட், ஆம்பியர், தடிமன் நான்கையும் காட்டி அதே ஃபேன் வாங்குங்கள்.

மூடியைக் கழற்றும் முன் பிளக்கை உருவுங்கள். பிரைமரி கேபாசிட்டரில் 325 வோல்ட், பிஎஃப்சி (பவர் ஃபேக்டர் திருத்தும் சர்க்யூட்) இருந்தால் 400 வரை நிற்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் 0 பார்த்த பிறகே கை வையுங்கள். ஃபேனின் அம்புக்குறி பழையதன் திசையிலேயே இருக்கட்டும். மூடியை மூடி ஒரு மணி நேரம் முழு லோடில் ஓட்டி, ஸ்விட்சின் பதிவில் ஃபேன், டெம்பரேச்சர் இரண்டையும் பார்த்த பிறகு ரேக்கில் ஏற்றுங்கள்.