யானைக்கு முன்னால் அணைக்க முடியாத லைட்: நாலரை வருஷம், 46,000 கிலோமீட்டர்

கிளட்ச் சுவிட்சை மாற்றி வண்டியை வெளியே எடுத்த அன்றைக்குத்தான் பெருந்துறை நண்பன் போன் பண்ணினான். "மாப்ளே, நீ வெச்சிருக்கற வண்டியே ஒண்ணு செகண்ட்ஸ்ல வருது, எடுக்கலாமா?" அவனுக்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். 160 சிசி வண்டி எவ்வளவு இழுக்கும், லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வாரநாளில் வேலைக்குப் போய்வரும் கிலோமீட்டரை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் கோபிசெட்டிபாளையத்தில் தனியாகக் கிளம்பி, தடப்பள்ளி வாய்க்கால் பாயும் நெல்வயல் குளிரில் சத்தியமங்கலம் போய், பண்ணாரி அம்மன் கோயில் வாசலில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு செக்போஸ்ட்டில் நிற்பேனே, அந்த ஓட்டத்துக்காகத்தான் இந்த வண்டி. 2022 பிப்ரவரியில் காட்டு விலங்குகளுக்காக வண்டிகளுக்கு இரவுத் தடை வந்ததிலிருந்து காலை ஆறு மணிக்குத்தான் திம்பம் மலைப்பாதை திறக்கிறது. அந்தத் தடையை எத்தனை பேர் திட்டினாலும் நான் அதன் பக்கம்தான். ராத்திரி முழுக்க லாரி ஓடாத ரோட்டில் முதல் ஆளாக ஏறிப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு. இந்த வண்டியை நான் நேசிக்க ஆரம்பித்தது அங்கேதான். இரண்டாவது கியரில் திணறாமல், உறுமாமல் ஏறும். வளைவு தாண்டிக் கொஞ்சம் சமமான இடம் வந்தால் மூன்றாவதில் முப்பதில் விட்டுவிடலாம், அப்போது இன்ஜின் சத்தத்தை மீறிக் காட்டுக்கோழி கூவுவது ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்கும். என் பழைய வண்டியில் அந்தச் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. மலையணில் கிளைக்குக் கிளை தாவுவதையும், ஆசனூர் பக்கம் புல்வெளியில் புள்ளிமான்கள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு ஓடாமல் மறுபடி மேய்வதையும் இந்த வண்டியிலிருந்துதான் பார்த்தேன். ஒருமுறை தடுப்புச்சுவரைத் தாண்டி இறங்கிய சிறுத்தையின் வால் மட்டும் தெரிந்தது. அதற்கே ஒரு மாதம் தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சரி, லைட்டுக்கு வருகிறேன். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த எல்லா இருசக்கர வண்டியிலும் இன்ஜின் ஓடினால் முன்லைட் எரிந்தே தீரும், அணைக்கச் சுவிட்ச் கிடையாது. சட்டம் அது, கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. எதிரே வருகிறவன் கண்ணில் படவேண்டும் என்பதற்காக வைத்தது, நியாயம்தான், மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்களுக்கு நடுவே அது என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கும். ஆனால் யானை ரோட்டில் நிற்கும்போது ஹாரன் அடிக்காதே, லைட்டை அதன் கண்ணில் அடிக்காதே என்று வனத்துறைக்காரர்கள் சொல்வார்களே, அதில் இரண்டாவதை நான் எப்படிக் கடைப்பிடிப்பது? லைட்டை அணைக்க வேண்டுமானால் சாவியையே திருப்ப வேண்டும். சாவியைத் திருப்பினால் வண்டி செத்துவிடும்.

தை மாதத்தில் அதுதான் நடந்தது. திம்பம் தாண்டி ஒரு வளைவு திரும்பினேன், பனிக்குள் ஒரு தாய் யானையும் குட்டியும். ஐம்பது மீட்டர் இருக்கும். கரும்பு லாரி வருகிற ரோடு, கீழே சிந்திக் கிடந்த கரும்பை எடுத்துக் குட்டி மென்றுகொண்டிருந்தது. வெளிச்சம் முகத்தில் பட்டதும் தாய் காதை விரித்தது. சாவியைத் திருப்பினேன். இருட்டு. குட்டி கரும்பைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் தாய் இரண்டு அடி முன்னால் வைத்தது. சாவியைப் போட்டுக் கிளட்சைப் பிடித்து செல்ப் அழுத்தினேன், டிக் என்று கூடச் சத்தம் வரவில்லை. மறுபடி, மறுபடி. நியூட்ரலும் விழவில்லை. நல்லவேளை ரோடு பின்பக்கம் சரிவு. காலால் உந்தி உந்திப் பின்னால் இறங்கினேன். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் தூரத்திலேயே நிறுத்தி, யானைகள் உண்ணிப்புதருக்குள் போகும்வரை காத்திருந்தார். "ஏனுங் தம்பி, காட்டுக்குள்ள வண்டிய ஆப் பண்ணலாமுங்களா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்தக் கிளட்ச் சுவிட்ச் கோளாறை அதற்கு முன்னாலேயே இரண்டு முறை சர்வீஸில் சொல்லியிருந்தேன். "ஸ்ப்ரே அடிச்சாச்சுங்ணா, ஒண்ணுமில்லைங்" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஊரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் லீவரைக் கழற்றிக் காட்டினார்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பட்டாணி மாதிரி ஒரு முனை, மண்ணும் கிரீஸும் சேர்ந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டது. இதுதான் கிளட்ச் சுவிட்ச். இது ஒட்டிக்கொண்டால் லீவரைப் பிடித்தாலும் பிடிக்காத மாதிரிதான் வண்டிக்குத் தெரியும், கியரில் நிற்கும்போது செல்ப் வேலை செய்யாது. 240 ரூபாய். இருநூற்று நாற்பது ரூபாய்ச் சாமானுக்காக நான் அந்த இருட்டில் நின்றேன் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது, கோபமும் அடங்கவில்லை.

லைட்டுக்குத் தனிச் சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்றார் மெக்கானிக், சட்டத்துக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன். இப்போது டேங்க் பையில் மடித்த சென்னிமலைத் துண்டு ஒன்று இருக்கிறது. தூரத்தில் யானை தெரிந்தால் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், துண்டை லைட் மேல் போர்த்திவிடுகிறேன். எல்இடி என்பதால் ஒரு நிமிஷத்துக்குச் சூடு ஏறாது. துண்டின் பச்சை ஓரம் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசியும், அது கண்ணைக் குத்துவதில்லை. போன ஞாயிறு ஒற்றைக் கொம்பன் ஒன்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தது.

எடுக்கலாமா என்று கேட்டாய். எடுக்காதே மாப்ளே. வண்டி நல்ல வண்டி, மேலே எழுதியதெல்லாம் நிஜம், ஆனால் இப்போதைய மனசுக்கு இதைத்தான் சொல்ல முடியும். எக்ஸ்சேஞ்சுக்கு நல்ல விலை சொன்ன கடைக்காரரிடம் என்னுடையதைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அது வேறு. பார்த்தே தீருவேன் என்று போனால், இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்துப் பத்து முறை செல்ப் அடித்துப் பார். ஒரு முறை தவறினாலும் திரும்பி வந்துவிடு.