நாகர்கோவில் பக்கம் ஆர்ச்டாப் கிட்டாருக்கு பிக்கப் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் சர்ச் பாடகர் குழுவின் ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த) கிட்டாரை நாகர்கோவிலில் ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்து ஏமாந்தோம். கடையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால், இதே வேலையை வேறு எந்தக் கடை செய்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

எஃப் வடிவத் துளையும், கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் இரண்டும் (இரட்டைக் கம்பிச்சுருள், அதாவது இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கர் வகை) உள்ள ஹாலோ பாடி (உள்ளே வெற்றிடமான) கிட்டார் அது. கழுத்துப் பக்கத்து பிக்கப் விட்டுவிட்டு ஒலித்து, பிறகு அடியோடு நின்றது. கடையில் ஆம்ப்பில் சொருகிப் பார்த்தார்கள், "காயில் போச்சு" என்றார்கள். மீட்டரைத் தொடவே இல்லை. பிக்கப்புக்கு 6,500 ரூபாய், கூலி 1,500 ரூபாய் வாங்கினார்கள். ரசீது தரவில்லை. கழற்றிய பிக்கப்பைக் கேட்டால் குப்பையில் போட்டாயிற்று என்று பதில். சில வாரங்களிலேயே புது பிக்கப்பும் அதே மாதிரி விட்டுவிட்டு ஒலித்தது. எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சை அசைத்தால் சத்தம் திரும்பி வந்தது. காயில் அறுந்திருந்தால் சுவிட்சை அசைப்பதால் உயிர் வராது. கோளாறு முதலிலிருந்தே சுவிட்சில்தான். அதன் தகடுகளில் பச்சை பூத்திருந்தது.

நம் மாவட்டத்தில் இது சகஜம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. முதலில் கெடுவது ஜாக் (கேபிள் சொருகும் துளை), சுவிட்ச், வால்யூம் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்). காயில் கெடுவது அபூர்வம். அப்படியே கெட்டாலும், காயில் கம்பி வெளி வயரோடு சேரும் இடத்தில் அரித்து அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 42 கேஜ் கம்பி, 0.06 மில்லிமீட்டர் கனம்தான். அந்த முனையைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பற்றவைத்தாலே பல பிக்கப்புகள் பிழைக்கும். இல்லாவிட்டால் புதுக் கம்பி சுற்றவும் முடியும். அதனால்தான் செத்த பிக்கப் என்றாலும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடைக்குப் போகும் முன் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், கிட்டாரைத் திறக்க வேண்டாம். கேபிளை கிட்டாரில் சொருகி, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். வால்யூமை முழுதாகத் திறந்து, சுவிட்சை சந்தேகப்படும் பிக்கப்புக்குத் திருப்புங்கள். மீட்டரை 20 கிலோ ஓம் (மின்தடை) அளவில் வைத்து, 7 முதல் 9 வரை காட்டினால் ஹம்பக்கர் நலம். ஒன்றும் காட்டாவிட்டால் 2 மெகா ஓம் அளவுக்கு மாற்றுங்கள். அங்கே ஏறக்குறைய 500 கிலோ ஓம் காட்டினால் மீட்டர் வால்யூம் பாட்டை மட்டும் பார்க்கிறது. பிக்கப்போ அதன் வயரோ அறுந்திருக்கிறது. 2 மெகாவிலும் ஒன்றுமில்லை என்றால் கோளாறு சுவிட்சில், ஜாக்கில் அல்லது கேபிளில். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி வால்யூம் உள்ள கிட்டாருக்கே இந்தக் கணக்கு. ஒரே வால்யூம் உள்ளதில் சுவிட்ச் பெரும்பாலும் பாட்டுக்கு முன்னால் இருக்கும். சுவிட்ச் கெட்டாலும் அதே 500தான் வரும்.

கிட்டாரில் மெல்லிய இரண்டு கம்பிகள் மட்டும் ஓங்கி ஒலித்து, மேலே உலோகம் சுற்றிய தடித்த சுற்றுக்கம்பிகள் அமுங்கினால் பிக்கப்பைக் குறை சொல்லாதீர்கள். அக்கூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலக் கம்பி மாட்டியிருப்பார்கள். வெண்கலச் சுற்றை காந்தம் உணராது, நிக்கல் சுற்றுக் கம்பி வேண்டும்.

இனி அந்தக் கடை செய்த வேலைக்கு வருகிறோம். பழைய வயரைப் பாதியில் வெட்டி, புது வயரோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே தள்ளியிருந்தார்கள். நம் ஈரத்தில் டேப்பின் பசை இளகி அவிழும். டெய்ல்பீஸுக்கு (கம்பிகளின் அடிமுனையை மாட்டும் பிடி) போகும் எர்த் வயரும் அறுந்து கிடந்தது. ஆர்ச்டாப்பில் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) மரம் என்பதால் கம்பிகளுக்கு எர்த் டெய்ல்பீஸ் வழியாகத்தான் கிடைக்கிறது. அது போனதால், கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்கவில்லை. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் சத்தம் தகரம் மாதிரி மெலிந்தது. வயர் நிறங்களைப் பார்க்காமல் மாட்டியதன் விளைவு அது. நான்கு வயர் பிக்கப்பில் நிறக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செய்மூர் டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் போகும் வயர்), பச்சை எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும்.

முறையான வேலை பொறுமை கேட்கும். ஆர்ச்டாப் பிரிட்ஜ் கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. எல்லாக் கம்பியையும் தளர்த்தினால் நகரும். இடம் மாறினால் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேராது. அதனால் முதலில் மாஸ்கிங் டேப்பால் இடத்தைக் குறிக்க வேண்டும். பின்புறம் திறக்க மூடி கிடையாது. பாட், சுவிட்ச் எல்லாம் எஃப் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஒவ்வொன்றின் தண்டிலும் தையல் நூல் கட்டி உள்ளே இறக்கினால், திரும்ப அதே ஓட்டைக்கு இழுத்துவிடலாம். ஜாக்குக்கு மீன் தொட்டியின் காற்றுக் குழாய் நன்றாகப் பிடிக்கும். பாட்டின் முதுகில் எர்த் வயர் பற்றவைக்க 40 வாட் அயர்ன் வேண்டும். சிறிய அயர்னை வெகுநேரம் வைத்து அழுத்தினால் உள்ளே கார்பன் தடம் கெடும். ஹம்பக்கருக்கு 500 கே (கிலோ ஓம்) பாட். 250 கே போட்டால் சத்தம் மங்கும். மூடாமலே ஆம்ப்பில் சொருகி, பிக்கப்பின் இரும்புத் திருகுகளை ஸ்க்ரூடிரைவரால் தட்டி சோதித்த பிறகே எல்லாவற்றையும் உள்ளே இழுக்க வேண்டும்.

எங்கள் சுவிட்சைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சரிசெய்தாயிற்று. துரு நீக்க அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், தூசி ஒட்டும்.

கிறிஸ்துமஸ் நேரத்தில் கடைகளில் வேலை குவியும். அப்போது இந்த மாதிரி ஏமாற்று எளிது. கொடுக்கும்போதே ஓம் அளவை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், பிக்கப்பின் இரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள், கழற்றிய பாகம் திரும்ப வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். மறுத்தால் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடை திருப்பித் தராத எங்கள் பழைய பிக்கப், தங்க நிற மூடி போட்ட ஹம்பக்கர். ஒரு மூலையில் பூச்சு தேய்ந்து வெள்ளை தெரியும், வெளியே கம்பிவலை பின்னிய ஒற்றை வயர், அது பாதியில் வெட்டப்பட்டிருக்கும். மார்த்தாண்டம், தக்கலை பக்கம் யாராவது விற்க வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.