இன்சுலின் பேனா, சமையலறைத் தராசு, கைச் சென்சார்: நான்காண்டு எடைக் கணக்கு

எனக்கு உடம்பே இன்சுலின் சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது 2001ஆம் ஆண்டில், பதினான்காம் வயதில். 2022 தை மாதத்தில் 156 சென்டிமீட்டர் உயரத்துக்கு 74 கிலோ எடையும், நாளொன்றுக்கு 56 யூனிட் இன்சுலினும், 8.4 சதவீதம் என்ற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் (HbA1c) இருந்தன. இப்போது எடை 65, இன்சுலின் 41 யூனிட், சராசரி 7.2. மன்னார்குடியில் இருந்துகொண்டு, சோற்றை முற்றிலும் விடாமல், இதற்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

தவறான வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். கல்லூரி நாட்களில், மாலை ஊசியை யாருக்கும் தெரியாமல் விட்டுவிட்டால் உடம்பு இளைக்கிறது என்று கண்டுகொண்டு, சில வாரங்களில் ஆறு கிலோ குறைந்தேன். இன்சுலின் இல்லாதபோது சர்க்கரை உடம்பின் செல்களுக்குள் போகாமல் சிறுநீரில் வெளியேறுகிறது; உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைக்கப் பார்க்கிறது; அதில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. ஓயாத வாந்தியும் பெருமூச்சுமாகத் தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் கிடந்தேன். குறைந்த ஆறு கிலோவும் இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது.

2022இல் புதிய மருத்துவர் உணவுப் பட்டியல் எதையும் கையில் கொடுக்கவில்லை. வாரத்தில் எத்தனை முறை இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்குகிறது, அப்போது என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் எழுதிவரச் சொன்னார். எழுதிப் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. வாரத்துக்கு ஐந்து முறை இறங்கியது. ஒவ்வொரு முறையும் கை நடுக்கத்தோடு சர்க்கரைத் தண்ணீர், அது போதாமல் நாலைந்து பிஸ்கட், ஒரு பூவன்பழம், அதற்குள் அத்தை கலந்து நீட்டும் ஹார்லிக்ஸ் என்று நானூறு கலோரிக்குக் குறையாமல் உள்ளே போனது. அந்த நேரத்துப் பசி சாதாரணப் பசி அல்ல, அதனிடம் கட்டுப்பாடு பேசிப் பயனில்லை. என் எடையில் கணிசமான பகுதி ஆசையால் தின்றதல்ல. அதிகமாகப் போட்ட இன்சுலினுக்குத் தீனி போட்டது. ஆகவே உணவுக்கு முன்பாக, மருத்துவர் முதலில் இரவு நேர நீண்டநேர இன்சுலினில் மூன்று யூனிட்டைக் குறைத்தார். சர்க்கரை இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடக் காத்திருப்பு, பிறகு மறுபரிசோதனை என்பது விதியானது. அந்தப் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கப் பழகவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அடுத்தது தராசு. நான் வாங்கியவற்றில் மிகவும் மலிவானதும் மிகவும் பயன்பட்டதும் இந்தச் சமையலறைத் தராசுதான். நெல் விளையும் ஊரில் சோற்றை எடைபோட்டுச் சாப்பிடுவது வீட்டாருக்கு வேடிக்கையாக இருந்தது. மதியம் நான் ‘கொஞ்சமாக’ என்று போட்டுக்கொண்டது 350 கிராம். நூறு கிராம் சோற்றுக்கு ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால் 98 கிராம். அதை 160 கிராமாக்கி, மீதி இடத்தை வாழைத்தண்டுக் கூட்டும் கீரையும் சுண்டலும் நிரப்பின. ஆனால் முதல் நாள் சோற்றைக் குறைத்த நான் ஊசியின் அளவைக் குறைக்க மறந்து, மூன்று மணிக்கு வியர்த்து விழுந்தேன். சோற்றைக் குறைத்தால் அந்த வேளை யூனிட்டும் அதே கணக்கில் குறைந்தாக வேண்டும். எனக்குப் பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் ஊசியே வேண்டாம் என்பாரும் உண்டு. சர்க்கரையை அளக்க நான் கையில் ஒட்டும் சென்சாரில் பார்த்தால், சர்க்கரை சற்று மெதுவாக ஏறியது, அவ்வளவுதான்.

மாலையில் ஹரித்ராநதிக் குளத்தைச் சுற்றி நடந்தேன். நடந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கியது. உழைத்த தசை பல மணி நேரம் கழித்தும் சர்க்கரையை இழுக்கும் என்று பிறகே அறிந்தேன். நடையைக் காலை ஊசிக்கு முன்னால் மாற்றிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றது. ஆனாலும், “ராத்திரி வெறும் வயித்தோட படுக்காதம்மா” என்று அத்தை சொல்வது நிற்கவில்லை.

அந்தச் சென்சார் பதினான்கு நாள் உழைக்கும். அதன் எண் இரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கியே வரும்; அந்தக் கையை அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டி எழுப்பிவிடும்; சித்திரை வெயிலில் வியர்வைக்கு ஒட்டு கழன்றுபோகும். தொடர்ந்து வாங்க என் சம்பளம் இடம் தராததால், யூனிட் மாற்றும் வாரங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கிறேன். மற்ற நாட்களில் விரல் குத்தல்தான்.

2023 மே மாதத்தில் பத்தே நாளில் இரண்டு கிலோ குறைந்தபோது மகிழ்ந்துபோனேன். தாகம் கூடியிருந்ததை வெயிலின் கணக்கில் எழுதிக்கொண்டேன். சந்தேகத்தில் சிறுநீர்க் கீட்டோன் பட்டையை நனைத்தால் நிறம் மாறியது. ஸ்கூட்டர் பெட்டிக்குள் வெந்து வீரியம் இழந்த இன்சுலின் பேனாதான் காரணம். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், மின்சாரம் இல்லாத வாரங்களில் மண்பானையில் ஈர மணலுக்குள் வைத்து மருந்தைக் காப்பாற்றிய எனக்கே இந்தக் கவனக்குறைவு! அன்றிலிருந்து, காரணம் தெரியாமல் எடை குறைந்தால் முதலில் சர்க்கரையையும் கீட்டோனையும் பார்க்கிறேன்.

எட்டு மாதமாக எடை 65இலேயே நிற்கிறது. உறவினர் ஒருவர் தாம் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின் என்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரையைப் பரிந்துரைத்தார். டைப் 1 உள்ளவர்களுக்கு அது சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலத்தைக் கொண்டுவரக்கூடும் என்று என் மருத்துவர் மறுத்துவிட்டார். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு எத்தனை யூனிட் என்பது இன்னும் எனக்குக் கைவரவில்லை. அங்கே தராசை எடுத்து வைக்கவும் முடிவதில்லை.